ஒரே ரகத்தை நம்பி வியாபாரம் செய்யலாமா?

அரிசி வியாபாரம் செய்யும் நம்மில் பெரும்பாலோர் நெல்லின் நோயைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அது விவசாயியின் தலைவலி, வேளாண்மைத் துறையின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். மூட்டை வந்து இறங்கிய பிறகுதான் நம் கணக்கு ஆரம்பமாகிறது. நிறம் எப்படி, நொய் எவ்வளவு, பழசா புதுசா, கிலோவுக்கு என்ன நிற்கும் என்று பார்ப்பதோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது.

ஆனால் விவசாயி எந்த நெல்லை விதைப்பது என்று முடிவு செய்யும் நேரத்தில், அவர் மனதில் முதலில் வந்து நிற்பவர் யார்? நாம்தான். ‘எதைப் போட்டால் மண்டியில் தள்ளுபடி இல்லாமல் எடுப்பார்கள்?’ என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மண்டிக்காரர் அரிசி ஆலையைப் பார்க்கிறார். ஆலைக்காரர் மொத்த வியாபாரியைப் பார்க்கிறார். மொத்த வியாபாரி சில்லறைக் கடையைப் பார்க்கிறார். ஆக, நமது கடைத் தராசு ஆயிரக்கணக்கான ஏக்கரில் எந்த விதை விழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்றால் அது மிகையாகாது.

அப்படியிருக்க, நாம் அனைவரும் ‘சன்ன ரகம், வெள்ளை நிறம், பொன்னி மாதிரி’ என்று ஒரே சரக்கைக் கேட்டுக்கொண்டிருப்பது நம் தொழிலுக்கே நல்லதல்ல என்பதை எடுத்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கடைத்தெரு முழுவதும் ஒரே பூட்டு

ஒரு கடைத்தெருவில் நூறு கடைகள். நூறு கடைக்கும் ஒரே அச்சில் வார்த்த பூட்டு. பூட்டு உறுதியானதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு திருடன் அந்தப் பூட்டுக்கு ஒரு கள்ளச்சாவி செய்துவிட்டால், அன்றிரவே நூறு கடையும் போய்விடும். கடைக்கு ஒரு பூட்டாக இருந்திருந்தால் ஒன்றிரண்டு கடையோடு போயிருக்கும். மற்றவர்கள் விழித்துக்கொள்ள நேரம் கிடைத்திருக்கும்.

பயிரின் கதையும் இதுதான். பயிருக்குள் இருக்கும் மரபணுக்களில் சில பூட்டைப் போல வேலை செய்கின்றன. குலை நோயைத் தரும் பூஞ்சாளம், இலைக் கருகலைத் தரும் பாக்டீரியா, சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி ஆகியவற்றை உள்ளே விடாமல் அவை தடுக்கின்றன. ஆனால் நோய்க் கிருமியும் சும்மா இருப்பதில்லை. கோடிக்கணக்கில் பெருகும்போது அதன் குணம் அங்கங்கே மாறுகிறது. அந்த மாற்றங்களில் ஏதோ ஒன்று அந்தப் பூட்டைத் திறந்துவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே ரகம் நின்றால், அந்தக் கிருமிக்குத் தடையே இல்லை. பல ரகங்கள் நின்றால் ஒவ்வொரு வயலிலும் அது மறுபடி முட்டி மோத வேண்டும். பயிரில் உள்ள இந்த வேற்றுமையைத்தான் விஞ்ஞானிகள் மரபணுப் பன்மை என்கிறார்கள்.

அமெரிக்கா கற்ற பாடம்

இது வெறும் ஊகமல்ல. 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே மக்காச்சோள வீரிய விதை தயாரிக்க, பெண் செடிகளின் ஆண் பூக்களைக் கையால் கிள்ளி எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஆட்கூலி அதிகம். ஆண் பூ மகரந்தம் தராத ஒரு வகைச் செடி டெக்சாஸ் மாநிலத்தில் கிடைத்ததும் விதைக் கம்பெனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. கூலி மிச்சமானது. சில ஆண்டுகளில் அந்நாட்டு மக்காச்சோளத்தில் சுமார் 85 சதவீதம் இந்த ஒரே தாய்வழி வந்ததாக ஆகிவிட்டது. வெளியே பார்த்தால் பல கம்பெனி, பல பெயர், பல பை. உள்ளே இருந்தது ஒரே சரக்கு.

இந்தத் தாய்வழிச் செடிகள் ஓர் இலைக் கருகல் நோய்க்கு எளிதில் இரையாகின்றன என்று 1961லேயே பிலிப்பைன்ஸ் நாட்டு அறிஞர்கள் எழுதியிருந்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970இல் தெற்கே தொடங்கிய நோய், காற்றோடும் மழையோடும் வடக்கே ஏறியது. அந்த ஆண்டு நாட்டின் மொத்த மக்காச்சோள விளைச்சலில் சுமார் 15 சதவீதம் அழிந்தது. நஷ்டம் சுமார் 100 கோடி டாலர். தெற்கு மாநிலங்களில் பல இடங்களில் பாதிக்கு மேல் போயிற்று.

கூலியில் மிச்சம் பிடித்த காசு ஒரே பருவத்தில் எங்கே போயிற்று என்று நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நம் நெல் காத்த கதை

நெல்லுக்கு வருவோம். 1966இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. குட்டையான பயிர், உரத்தை ஏற்கும், மகசூல் கொட்டும். ஆனால் அது துங்ரோ நோய்க்கும் பாக்டீரியா கருகலுக்கும் தாங்கவில்லை. சோறும் கடினம். 1969இல் ஐ.ஆர்.20 வந்தது. இந்தப் பெயரைச் சொன்னால் நமது பழைய அரிசி வியாபாரிகள் முகம் மலரும். அந்த ஐ.ஆர்.20இன் பெற்றோரில் ஒன்று நம் திரூர்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம்.6 என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தண்டுத் துளைப்பானையும் பாக்டீரியா கருகலையும் ஓரளவு தாங்கும் குணம் அந்த வழியில் வந்தது. டி.கே.எம்.6க்குப் பெற்றோரில் ஒன்று கோயம்புத்தூரில் 1921இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜி.இ.பி.24. அதுதான் நம் ஊர்களில் கிச்சிலிச் சம்பா என்று பெயர் பெற்ற ரகம். கேரளத்துப் பட்டாம்பி நிலையத்தின் நெல் ரகங்கள் புகையானைத் தாங்கும் குணத்திற்கு உலகமெங்கும் பெயர் பெற்றவை.

பிறகு புகையான் பூச்சி பரப்பும் ஒரு குட்டை நோய் ஆசிய நாடுகளில் நெல்லைத் தாக்கியது. நெல் தூர் விட்டுப் புல்லைப் போல நிற்கும், கதிர் வராது. சேமிப்பில் இருந்த 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளை நிலையத்தில் நட்டுச் சோதித்தார்கள். அத்தனையிலும் நல்ல எதிர்ப்புச் சக்தி காட்டியது ஒன்றே ஒன்று. அது நம் நாட்டு உத்தரப்பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல். மணி சிறுத்து, முற்றியதும் உதிர்ந்துவிடும் நெல். எந்த மண்டியிலும் ஒரு பைசாவுக்குப் போகாது. அந்த மதிப்பில்லாத புல்லின் குணத்தைச் சேர்த்து 1974 முதல் வெளியான ரகங்கள்தான் ஆசியாவின் சோற்றுப் பானையைக் காத்தன. அந்த ஒரு பிடி விதையைச் சேகரிக்க யாரும் போயிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதிலே இன்னொரு பாடமும் இருக்கிறது. 1973இல் புகையானைத் தாங்கும் என்று ஐ.ஆர்.26 வெளியாயிற்று. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் விவசாயிகள் எங்கும் அதையே நட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் பூச்சியில் புதிய பிரிவு ஒன்று தலையெடுத்து அதையும் தின்றது. 1976இல் ஐ.ஆர்.36 வந்து காப்பாற்றியது. ஆறு நாடுகளைச் சேர்ந்த 13 ரகங்களின் இரத்தம் அதில் ஓடியது. ஆனால் அதையும் உலகில் ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேர் அளவுக்கு நட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் சுமத்ராவில் அதற்கும் ஒரு கள்ளச்சாவி வந்துவிட்டது. நல்ல ரகம் கெட்ட ரகம் என்பதல்ல பிரச்சினை. எவ்வளவு நல்ல ரகமானாலும் அதையே எங்கும் நட்டால் அதன் ஆயுள் குறையும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

இன்று நம் கடைகளில் ஓடும் சன்ன அரிசியில் பெரும் பங்கு வகிக்கும் ரகங்களில் ஒன்று பி.பி.டி.5204. ஆந்திரத்தின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1986இல் வெளியானது. சம்பா மசூரி என்றும் சொல்வார்கள். மெல்லிய மணி, சாதம் உதிரியாக வரும், வாடிக்கையாளர் விரும்புகிறார். ஆனால் பாக்டீரியா இலைக் கருகல், குலை நோய், புகையான் எல்லாவற்றிற்கும் அது இளக்காரம். விவசாயிக்கும் இது தெரியும். தெரிந்தும் ஏன் நடுகிறார்? விலை அதற்குத்தான் கிடைக்கிறது என்பதால்! மருந்துச் செலவைத் தாங்கிக்கொண்டு, நோய் வராமலிருக்க வேண்டிக்கொண்டு நடுகிறார். அந்த மருந்துச் செலவு கடைசியில் நம் கொள்முதல் விலையில்தான் வந்து நிற்கிறது.

இதற்கு விஞ்ஞானிகள் வழி கண்டார்கள். ஐதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையமும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து, இலைக் கருகலைத் தடுக்கும் மூன்று மரபணுக்களைச் சம்பா மசூரியில் சேர்த்தார்கள். அதில் ஒன்று ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. மணியும் சமையல் குணமும் மாறாமல், ஒரு கதவுக்கு மூன்று பூட்டுப் போட்டதைப் போன்ற இந்தப் புது ரகம் 2008இல் வெளியாயிற்று. நம் ஊர் அரிசிப் பையில் இதன் பெயரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மற்ற சன்ன அரிசியோடு அரிசியாக ஏதோ ஒரு பொதுப் பெயரில் கலந்து போனால், நோய் தாங்கும் ரகத்தைப் போட்ட விவசாயிக்குத் தனி மரியாதை எங்கிருந்து வரும்?

பையின் மேல் ‘பொன்னி’ என்று அச்சிட்டிருப்பதெல்லாம் பொன்னி நெல்லில் அரைத்ததல்ல என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அறிந்ததே. இது வாடிக்கையாளருக்குச் செய்யும் குறை மட்டுமல்ல. ரகத்தின் பெயர் மறைந்தால் ரகமே மறைந்துவிடும். பெயர் இல்லாத சரக்குக்குத் தேவை இல்லை. தேவை இல்லாத விதையை யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

அரிசி மட்டும்தானா?

கோதுமை விற்பவர்களும் இதைக் கேட்க வேண்டும். கோதுமையின் பரம எதிரி துரு நோய். 1998இல் ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் ஒரு புதிய தண்டுத் துரு கண்டுபிடிக்கப்பட்டது. உலகம் முழுவதும் கோதுமை ரகங்கள் நம்பியிருந்த ஒரு மரபணுவை அது உடைத்துவிட்டது. கம்பு தானியத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ‘ரை’ என்ற மேலைநாட்டுத் தானியத்திலிருந்து எடுத்த மரபணு அது. அன்று முதல் பல நாட்டு விஞ்ஞானிகள் மாற்று மரபணுக்களைத் தேடி ஓட வேண்டியதாயிற்று.

இந்தத் தேடலில் பழைய கோதுமைகளுக்குப் பெரிய இடம் உண்டு. சம்பா கோதுமை என்று நம் பக்கம் வழங்கும் டைகாக்கம் இனம், துருவை எதிர்க்கும் குணத்திற்காக வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் எடுத்துப் பயன்படுத்திய இனம். நீலகிரியில் வெலிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில் துரு நோய் எதிர்ப்பு ஆய்வு நடக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் குளிர்ச்சியில் துருக் கிருமி ஆண்டு முழுவதும் உயிரோடிருந்து, அங்கிருந்து காற்றில் ஏறி வடக்கே போகிறது. நாம் படியளந்து விற்கும் சம்பா ரவைக்குப் பின்னால் இவ்வளவு சங்கதி இருக்கிறது.

மூன்று ஆட்சேபணைகள்

இதைப் படிக்கும் வணிக நண்பர்கள் மூன்று ஆட்சேபணை சொல்வார்கள். மூன்றும் நியாயமானவையே.

முதலாவது: ‘நோய் வந்தால் மருந்து அடித்துக்கொள்ளட்டுமே!’ மருந்து தேவையான நேரத்தில் தேவைதான். ஆனால் புகையான் விஷயத்தில் மருந்தே வினையாகிப் போனது. மருந்து, புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்தி போன்ற நல்ல பூச்சிகளையும் கொன்றது. புகையான் முன்னைவிடப் பெருகியது. அதனால்தான் 1986இல் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 வகைப் பூச்சி மருந்துகளைத் தடை செய்தது.

இரண்டாவது: ‘விஞ்ஞானிகள் புது ரகம் கண்டுபிடித்துத் தரமாட்டார்களா?’ தருவார்கள். ஆனால் வழக்கமான ஒட்டு முறையில் ஒரு ரகம் உருவாகி விவசாயி கைக்கு வர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் எதை வைத்துச் செய்வார்கள்? பழைய ரகங்களும் காட்டு நெல்லும்தான் அவர்களுக்கு முதல். பிலிப்பைன்ஸ் நிலையத்தின் விதை வங்கியில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. டில்லியிலும் நமக்கென்று பெரிய தேசிய விதை வங்கி உண்டு. அவை மிக அவசியம். ஆனால் வங்கிப் பெட்டகத்தில் கிடக்கும் பணம் வட்டி தரலாம். பெட்டகத்தில் கிடக்கும் விதை வளர்வதில்லை. வயலில் நிற்கும் விதைதான் ஆண்டுதோறும் புதிய நோயோடும் புதிய வெயிலோடும் மோதித் தன்னைத் தேற்றிக்கொள்கிறது.

மூன்றாவது, மிக முக்கியமானது: ‘வாடிக்கையாளர் கேட்பதைத்தானே நான் வைக்க முடியும்? ஓடாத சரக்கில் முதலை முடக்கினால் யார் தருவார்?’ உண்மை. சிறு கடைக்காரர் முதல் முடங்கினால் கடை முடங்கும். ஆகவே கடையை மாற்றிப் போடும்படி யாரையும் சொல்லவில்லை. பத்து மூட்டை எடுக்கும் இடத்தில் எட்டு வழக்கமான சரக்காக இருக்கட்டும். இரண்டு மூட்டை வேறு ரகமாக இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. இட்லிக்குக் குண்டு அரிசி என்று ஆடுதுறை 37, அம்பை 16 போன்றவற்றை நாம் தனியாக விற்கவில்லையா? பிரியாணிக்குச் சீரகச் சம்பா என்று கேட்டு வாங்கவில்லையா? உபயோகத்துக்கு ஏற்ற அரிசி என்ற எண்ணம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதை வளர்ப்பதுதான் நாம் செய்ய வேண்டியது.

விலை கொடுத்தால் விதை வாழும்

சீனாவின் யுன்னான் மாநிலத்தில் நடந்தது வியாபாரிகள் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி. அங்கே பண்டங்கள் செய்ய ஒட்டும் தன்மையுள்ள ஒரு வகை அரிசியை மக்கள் விரும்பி வாங்குவார்கள். அதற்குச் சந்தையில் கூடுதல் விலை. ஆனால் குலை நோய் வந்தால் அந்த நெல் நிற்காது. 1998, 1999 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான விவசாயிகள், நோய் தாங்கும் வீரிய நெல்லை நாலைந்து வரிசையும் நடுவில் இந்த ஒட்டு நெல்லை ஒரு வரிசையுமாக நட்டார்கள். தனியாக நட்டபோது இருந்ததைவிட ஒட்டு நெல்லில் குலை நோயின் கடுமை 94 சதவீதம் குறைந்தது. அதன் மகசூல் 89 சதவீதம் கூடியது. இரண்டாம் ஆண்டு முடிவில் பூஞ்சாள மருந்தே அடிக்கவில்லை.

புது மருந்தோ புது இயந்திரமோ அல்ல. இரண்டு ரகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்கள்; அவ்வளவுதான். அறுவடையில் தனித்தனியாகக் கையால் அறுக்கும் சிரமத்தை விவசாயி ஏன் ஏற்றார்? அந்த ஒட்டு நெல்லுக்குத் தனிப் பெயரும் தனி விலையும் சந்தையில் இருந்ததால் ஏற்றார். இந்த முயற்சியில் விஞ்ஞானிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அரிசியைத் தனியாக வாங்கி விற்ற வியாபாரிக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது எமது கருத்து.

நம் நாட்டிலும் நல்ல உதாரணம் உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களை மீட்டுத் தந்தவர் 2018இல் மறைந்த நெல் ஜெயராமன். விதையை வாங்கிச் சென்ற விவசாயி அடுத்த ஆண்டு இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அவர் விதையை மீட்டார். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என்று வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கேட்கும் காலம் வந்தது. கேட்ட பிறகும் ‘அதெல்லாம் நம்மிடம் இல்லை’ என்று அனுப்பிவிட்டு, அந்த வியாபாரம் முழுவதும் பெரிய அங்காடிகளுக்கும் தனிக் கடைகளுக்கும் போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாரம்பரிய ரகம் என்றாலே எல்லா நோயையும் தாங்கும் என்று சொல்லி விற்பது சரியல்ல. ஒன்று வெள்ளம் தாங்கும், ஒன்று வறட்சி தாங்கும், ஒன்று பூச்சி தாங்கும், சில எதையும் தாங்காது. ரகங்கள் பலவாக இருப்பதுதான் பலம்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், அரிசியைக் கொள்முதல் செய்யும்போது ரகத்தின் உண்மைப் பெயரைக் கேளுங்கள். ஆலைக்காரருக்குத் தெரியும். பத்துக் கடைக்காரர் கேட்டால் பைகளில் பெயர் வந்துவிடும்.

இரண்டாவதாக, ஊர்ச் சங்கங்கள் கூட்டுக் கொள்முதலுக்கு முன்வர வேண்டும். ஒரு கடைக்கு இரண்டு மூட்டைக்காக எந்த ஆலையும் தனியாக அரைத்துத் தராது. ஐம்பது கடைக்கு நூறு மூட்டை என்றால் தனியாக அரைத்துத் தருவார்கள். இதைத் தனி வணிகர் செய்ய முடியாது, சங்கத்தால் முடியும்.

மூன்றாவதாக, அருகிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தாரை ஆண்டுக்கு ஒரு முறையாவது சங்கக் கூட்டத்திற்கு அழையுங்கள். எந்தப் புதிய ரகம் நோய் தாங்கும், சோறு எப்படி இருக்கும் என்று அவர்கள் சொல்லட்டும். எந்த அரிசி ஏன் ஓடவில்லை என்று நாம் சொல்வோம். ரகத்தை உருவாக்குபவருக்கும் அதை விற்பவருக்கும் இடையே இன்று பேச்சே இல்லை. பல நல்ல ரகங்கள் மண்டி வாசலிலேயே நின்றுபோவதற்கு அதுவே காரணம்.

நான்காவதாக, வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். ‘இந்த அரிசியையும் ஒரு கிலோ போட்டுப் பாருங்க அம்மா, கஞ்சிக்கு நல்லா இருக்கும்’ என்று சொல்ல நம்மைப் போன்ற கடைக்காரரால்தான் முடியும். அடுக்கில் எடுத்துக் கூடையில் போடும் பெரிய அங்காடியில் இந்தப் பேச்சுக்கு ஆள் இல்லை. நம் பலமே அதுதான்.

தன் முதல் முழுவதையும் ஒரே ஆளிடம் கடனாக விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வியாபாரி நம்மில் யாரும் இல்லை. அந்த ஆள் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் நாலு பேரிடம் பிரித்து விடுவதுதான் நம் முன்னோர் காட்டிய வழி. கடனில் காட்டும் இந்த எச்சரிக்கையைச் சரக்கிலும் காட்டுவோம். வரும் சம்பாப் பருவத்துக் கொள்முதலிலேயே ஒவ்வொரு கடையிலும் ஒரு புதிய ரகத்துக்கு இடம் கொடுப்போம்; அதன் உண்மைப் பெயரோடு.